சுரங்கத்திலிருந்து வயலுக்கு... பழுப்பு நிலக்கரி சொல்லும் ஆராய்ச்சிப் பாடம்!

தொழில் நிறுவனங்களை ஆராய்ச்சியில் பணம் போட வைப்பது எப்படி? நெய்வேலி அனுபவமும், விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவையும்

உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே வரிசையாக நிற்கின்றன அந்தக் கறுப்புத் திரவ பாட்டில்கள். "ஒரு லிட்டர் சேர்த்து எடுத்துக்கோங்கண்ணே, வேர் நல்லா ஓடும்" என்கிறார் கடைக்காரர். பாட்டிலில் 'ஹியூமிக்' என்று எழுதியிருக்கிறது. விலை யூரியா மூட்டையைவிட அதிகம். வாங்குவதா, வேண்டாமா? கடலூர் மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க விவசாயிகள் மனதில் இருக்கும் கேள்வி இது.

இந்தப் பாட்டில்கள் பலவற்றின் மூலப்பொருள், பழுப்பு நிலக்கரி அல்லது அதே இனத்தைச் சேர்ந்த பொருள்தான். அதாவது, நெய்வேலியில் பூமிக்கு அடியிலிருந்து வெட்டி எடுத்து மின்சாரத்துக்காக எரிக்கப்படுகிறதே, அதே வகைப் பொருள். எரிக்கும் கரியை வேருக்கு ஊற்றும் மருந்தாக மாற்றுவது ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவது? போட்ட பணம் விவசாயிக்குப் பயன்படுகிறதா, வெறும் விளம்பரமாகப் போகிறதா? இதைத் தீர்மானிப்பதில் அரசின் பங்கு பெரியது. அந்தப் பங்கு எப்படியெல்லாம் இருக்க முடியும் என்பதற்கு நெய்வேலியை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கிணற்றில் வந்த கறுப்பு

1935-ம் ஆண்டு. நெய்வேலிப் பகுதி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. ஆனால், அது வெளியே வந்து மின்சாரமாக மாற இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

காரணம், பூமிக்கு அடியில் இருந்த இரண்டு பகைகள். கரிப் படுகைக்கு மேலே கெட்டியான கடலூர் மணற்பாறை. கீழே, பெரும் அழுத்தத்தோடு மேல் நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர். வெட்டினால் இயந்திரத்தின் பல் தேயும். ஆழம் போனால் சுரங்கத்தின் தரையையே தண்ணீர் பெயர்த்துவிடும். இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தபடியேதான் கரி எடுக்க முடியும். இது நடக்குமா, நடக்காதா என்றே தெரியாத நிலையில் முதல் பணத்தைப் போட எந்த முதலாளியும் யோசிப்பார். அந்த முதல் பணத்தை அரசு போட்டது. துளை போட்டுப் பார்த்தார்கள். சோதனைச் சுரங்கம் வெட்டிப் பார்த்தார்கள். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பொதுத்துறை நிறுவனமாகப் பதிவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் வந்தது.

1966-ல் நெய்வேலியில் யூரியா ஆலையும் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் அது மூடப்பட்டது. ஆக, போட்ட விதை எல்லாம் முளைக்கவில்லை. ஆனால், விதைக்கும் துணிச்சல் இருந்தது. யாருமே தொடத் தயங்கும் இடத்தில் ஆரம்ப நஷ்டத்தை அரசு தாங்கிக்கொள்வது, அரசு செய்யக்கூடிய முதல் வேலை.

கரியிலிருந்து 'ஹியூமேட்'

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு மண்ணில் புதைந்த மரங்களும் செடிகளும் முழுதாகக் கரியாக மாறாமல், பாதி வழியில் நிற்பதுதான் பழுப்பு நிலக்கரி. ஏறத்தாழ பாதி எடை ஈரம்தான். அதனால் எரிபொருளாக அது கொஞ்சம் மட்டம். ஆனால், 'பாதி வழியில் நிற்பது' ஒரு வகையில் லாபம். மட்கிய தொழுவுரத்தில் இருக்கும் ஹியூமிக் அமிலம் இதிலும் நிறைய இருக்கிறது.

பிரித்தெடுக்கும் முறை கேட்பதற்கு எளிமையானது. கரியை நன்றாகப் பொடியாக்கி, பொட்டாஷ் காரக் கரைசலில் கலக்குகிறார்கள். ஹியூமிக் அமிலம் கரைந்து கறுப்புத் திரவமாக வருகிறது. கரையாத மண்ணும் கரியும் அடியில் தங்கிவிடும். தெளிந்த திரவத்தை அப்படியே பாட்டிலில் அடைக்கலாம். உலர்த்தினால் 'பொட்டாசியம் ஹியூமேட்' எனும் மினுமினுப்பான கறுப்புத் துகள். நெய்வேலியில் நிறுவனத்தின் சொந்த ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழுப்பு நிலக்கரியிலிருந்து ஹியூமிக் அமிலம் எடுப்பது, சாம்பலைப் பயன்படுத்துவது, சுரங்க மண்ணைச் சீர்திருத்துவது என்று அதன் ஆராய்ச்சிகள் பலவும் விவசாயத்தைத் தொட்டவை. பயிரில் ஊற்றிப் பார்க்கும் சோதனைகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் செய்தன.

ஒரு பக்கம் கரி இருக்கும் நிறுவனம், இன்னொரு பக்கம் பயிர் தெரிந்த பல்கலைக்கழகம், நடுவில் செலவுக்கு அரசு நிதி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஆய்வகத்துச் சரக்கு வரப்பு வரைக்கும் வரும். பொதுத்துறை நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. 2011-ல் 'நவரத்னா' தகுதி பெற்ற நெய்வேலி நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.

சாம்பலுக்கு வந்த மவுசு

அடுத்த பாடம், சாம்பல். அனல் மின் நிலையத்தில் கரி எரிந்தபின் புகையோடு போகும் நுண்சாம்பலைப் பிடித்துச் சேர்க்கிறார்கள். இதைத்தான் 'ஃபிளை ஆஷ்' என்கிறோம். ஒரு காலத்தில் இது வெறும் தொல்லை. குளம் வெட்டிக் கொட்டிவைக்க வேண்டியதுதான்.

1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. செங்கல் சூளைகளுக்காக வயல்களின் மேல்மண் சுரண்டப்படுவதைத் தடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அனல் மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் குறைந்தது 25% சாம்பல் கலக்க வேண்டும். மின் நிலையங்கள் 10 ஆண்டுகளுக்குச் சாம்பலை இலவசமாகத் தர வேண்டும் என்றது அந்த விதி. அதன்பின் பலமுறை திருத்தி, தூரத்தையும் கடமையையும் கூட்டினார்கள். 2021 டிசம்பர் அறிவிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. பயன்படுத்தப்படாமல் தேங்கும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது.

விளைவு என்ன? 'சாம்பலை என்ன செய்வது?' என்ற கேள்விக்கு விலை வந்துவிட்டது. விடை கண்டுபிடிப்பது லாபமான வேலையானது. சாம்பல் செங்கல், சிமென்ட் கலவை, சாலை நிரப்பு என்று வழிகள் பெருகின. நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக இருப்பதால் கட்டுமானப் பொருளுக்கு அது ஏற்றது. நெல்லைத் தாக்கும் பூச்சிகள்மீது இந்தச் சாம்பலைத் தூவிப் பார்க்கும் ஆராய்ச்சியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது.

இந்த மாற்றத்துக்கு அரசின் கஜானாவிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை. விதி ஒன்றே வேலை செய்தது. குப்பை போடுவது இலவசமாக இருக்கும்வரை குப்பையை ஆராய யாரும் பணம் போட மாட்டார்கள்.

வரிச்சலுகை... இனிப்பும் கசப்பும்

நிறுவனங்களை ஆராய்ச்சிக்கு இழுக்க அரசு கையில் இருக்கும் இன்னொரு கயிறு, வருமான வரி. சொந்த ஆராய்ச்சிக் கூடம் வைத்து, அதற்கு மத்திய அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறையின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு ஒரு தனிச்சலுகை இருந்தது. 2010 பட்ஜெட்டில் அது 200% ஆக்கப்பட்டது. அதாவது, ஒரு நிறுவனம் ஆராய்ச்சிக்கு 1 கோடி ரூபாய் செலவழித்தால், வரி கணக்கிடும்போது லாபத்தில் 2 கோடி ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். 30% வரி என்றால், சாதாரணச் செலவைவிடக் கூடுதலாக 30 லட்சம் ரூபாய் மிச்சம். 2017 ஏப்ரலில் இது 150% ஆகவும், 2020 ஏப்ரலில் 100% ஆகவும் குறைக்கப்பட்டது. வரி விகிதத்தையே குறைத்துவிட்டுச் சலுகைகளை விலக்குவது என்பது அப்போதைய கொள்கை.

சலுகையில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே லாபம் சம்பாதிக்கும் பெரிய நிறுவனத்துக்குத்தான் அது இனிக்கும். லாபமே பார்க்காத சின்னக் கம்பெனிக்கு வரியும் கிடையாது, சலுகையும் கிடையாது. அதோடு, வழக்கமான செலவையே 'ஆராய்ச்சி' என்று கணக்கு எழுதும் ஆசையும் வரும். அதனால், சலுகை கொடுத்தால் மட்டும் போதாது. கணக்கைப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

இந்தியா மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவிடுவது, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64% (2020-21 கணக்கு). அதில் தனியார் தொழில் துறையின் பங்கு சுமார் 36% மட்டுமே. தென்கொரியாவில் மொத்தச் செலவு 5 சதவிகிதத்தை ஒட்டி இருக்கிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் நிறுவனங்கள் செய்வது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2025 ஜூலையில் 1 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான ஆராய்ச்சி, மேம்பாடு மற்றும் புத்தாக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தனியார் நிறுவனங்களுக்கு நீண்ட காலத்துக்கு, குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ கடன் கொடுப்பது இதன் முக்கிய அம்சம். நிலக்கரியை வாயுவாக்கும் தொழிலுக்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். பழுப்பு நிலக்கரியும் இதில் அடக்கம். கரியை வாயுவாக்கினால் அதிலிருந்து யூரியாவும் தயாரிக்க முடியும் என்பதால், இது விவசாயிகளும் கவனிக்க வேண்டிய செய்தி.

30,000 பாட்டில்களும் ஒரு விதியும்

இனி, உரக்கடை பாட்டிலுக்கு வருவோம். ஹியூமிக் அமிலம், கடற்பாசிச் சாறு, அமினோ அமிலம் போன்றவை 'உயிர்த்தூண்டிகள்' எனும் வகையில் வருகின்றன. இவை உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை என்பதால், பல காலம் எந்தச் சட்டத்துக்குள்ளும் சிக்காமல் விற்பனையாகி வந்தன. சுமார் 30,000 தயாரிப்புகள் கட்டுப்பாடில்லாமல் விற்கப்பட்டு வந்ததாக மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் 2025 ஜூலையில் சொன்னார்.

இந்த நிலையில் ஒரு நேர்மையான கம்பெனியை யோசித்துப் பாருங்கள். அது லட்சக்கணக்கில் செலவழித்து, மூன்று இடங்களில் வயல் சோதனை செய்து, தரமான சரக்கைக் கொண்டுவருகிறது. பக்கத்திலேயே இன்னொருவர் வெல்லப்பாகில் சாயம் கலந்து அதே நிறத்தில் பாட்டில் அடைக்கிறார். இருவர் பாட்டிலும் கடையில் ஒன்றுபோலவே நிற்கின்றன. ஆராய்ச்சி செய்தவருக்குச் செலவு, செய்யாதவருக்கு லாபம். அப்படி இருந்தால், யார்தான் ஆராய்ச்சியில் பணம் போடுவார்கள்?

2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர்த்தூண்டிகளைச் சேர்த்தார்கள். தயாரிப்பில் என்ன இருக்கிறது, நச்சுத்தன்மை உண்டா, பயிரில் வேலை செய்கிறதா என்பதற்கு ஆதாரம் கொடுக்க வேண்டும். வயல் சோதனையை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகள் மூலம் செய்ய வேண்டும். அதுவரை தற்காலிகச் சான்றிதழோடு விற்கலாம் என்று சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்து நீட்டித்தார்கள். 2025 ஜூனில் அந்த அவகாசம் முடிந்தது. 8,000 அளவில் இருந்த தயாரிப்புகள் சுமார் 650 ஆகக் குறைந்துவிட்டதாக அமைச்சர் தெரிவித்தார்.

கம்பெனிகளில் சின்னவர்களுக்குச் சோதனைச் செலவு சுமைதான். அந்தச் சுமையைக் குறைக்க மானியமோ, பல்கலைக்கழகத்தில் குறைந்த கட்டணமோ கொடுக்கலாம். ஆனால், சோதனையே வேண்டாம் என்று விட்டால் ஏமாறுவது விவசாயிதான். ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஊக்கம், போலிச் சரக்கைச் சந்தையிலிருந்து விரட்டுவதுதான்.

நிலம் கொடுத்தவருக்கு என்ன?

நெய்வேலியைப் பற்றிப் பேசும்போது நிலத்தை மறந்துவிட முடியாது. சுரங்கத்துக்காக ஊர்களும், முந்திரித் தோப்புகளும், நெல் வயல்களும் கொடுக்கப்பட்டன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்டுக்கொண்டிருந்த நெற்பயிருக்கு நடுவே கால்வாய் வெட்டிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அறிவியல் எவ்வளவு வளர்ந்தாலும், 'எங்களுக்கு என்ன திரும்பி வந்தது?' என்று நிலம் கொடுத்தவர்கள் கேட்பது நியாயம்.

அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியால் கொடுக்க முடிந்த ஒரு பதில், சுரங்க மண்ணைத் திரும்ப விளையவைப்பது. கரி எடுத்த பள்ளத்தை, மேலே இருந்து தோண்டிய மண்ணைக் கொண்டே மூடுகிறார்கள். ஆனால், அந்த மண்ணில் அடி மண் மேலும், மேல் மண் கீழுமாகக் கலந்திருக்கும். மட்கு இருக்காது, ஈரம் நிற்காது, நுண்ணுயிர்கள் குறைவு. தொழுவுரம், சர்க்கரை ஆலைக் கழிவான பிரஸ்மட், தக்கைப்பூண்டு, சணப்பு, உயிர் உரங்கள், ஹியூமேட் எல்லாம் சேர்த்து அதைப் படிப்படியாகப் பயிர் செய்யத் தக்கதாக மாற்றும் முயற்சியில் நெய்வேலி நிறுவனமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஈடுபட்டன. இந்தப் பாடம் சுரங்கத்துக்கு மட்டும் உரியதல்ல. செங்கல் சூளைக்காக மேல்மண்ணை விற்றுவிட்டுத் தவிக்கும் வயலுக்கும், சமன்படுத்தியதில் அடி மண் மேலே வந்த வயலுக்கும் இதே வைத்தியம்தான்.

அரசு கொடுக்கும் நிதியோ, சலுகையோ, கடனோ எல்லாமே மக்கள் பணம். அதில் நடக்கும் ஆராய்ச்சியின் முடிவுகள் தமிழில், அந்தந்த வட்டார வேளாண் அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். வயல் சோதனைகளில் ஒரு பகுதி சுற்றுவட்டார விவசாயிகளின் நிலத்திலேயே நடக்க வேண்டும். இவற்றை நிபந்தனையாக வைப்பது அரசுக்குக் கூடுதல் செலவு வைக்காது.

கடைசிக் கயிறு விவசாயி கையில் இருக்கிறது. பில் இல்லாமல், லேபிள் படிக்காமல் வாங்கும் ஒவ்வொரு பாட்டிலும் ஆராய்ச்சி செய்யாதவருக்குக் கொடுக்கும் பரிசு. கேட்டு, பார்த்து வாங்கும் ஒவ்வொரு பாட்டிலும் ஆராய்ச்சி செய்தவருக்குக் கொடுக்கும் கூலி.

பெட்டிச் செய்தி
வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* உரக் கட்டுப்பாட்டு ஆணையில் அறிவிக்கப்பட்ட உயிர்த்தூண்டியா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

* எந்தப் பயிருக்கு, எவ்வளவு அளவு என்பது லேபிளில் இருக்க வேண்டும். 'அனைத்துப் பயிர்களுக்கும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் உஷார்!

* ஹியூமிக் அமிலத்தின் சதவிகிதம், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதி தேதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

* பில் கட்டாயம். புகார் கொடுக்கவும், மாதிரி எடுத்துச் சோதிக்கவும் அதுதான் ஆதாரம்.

* யூரியா, டி.ஏ.பி வாங்க வந்தவரிடம் 'இதையும் சேர்த்து வாங்கினால்தான் உரம்' என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் வேளாண்மைத் துறையில் புகார் செய்யலாம். கிசான் கால் சென்டர் இலவச எண்: 1800 180 1551.

வாசகர் கேள்வி

ஹியூமிக் அமிலம் ஊற்றினால் உரத்தைக் குறைத்துவிடலாமா?

ஹியூமிக் அமிலத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகள் பெரிதாகக் கிடையாது. இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளைப் பயிர் எடுத்துக்கொள்ள உதவுவதும், வேர் வளர்ச்சியைத் தூண்டுவதும்தான் அதன் வேலை. மட்குச் சத்து குறைந்த மண்ணில் பலன் தெரிய வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே தொழுவுரமும் பசுந்தாள் உரமும் நன்றாகப் போடும் நிலத்தில் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். முதலில் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடலூர் மாவட்ட விவசாயிகள் விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

என் நிலத்துக்கு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே வயலில், ஒரே ரகத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்திகளை ஒதுக்குங்கள். உரம், தண்ணீர், களை எல்லாம் ஒன்றுபோல இருக்கட்டும். ஒன்றில் மட்டும் ஹியூமிக் கொடுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். கூடுதல் விளைச்சலின் விலை, பாட்டில் விலையைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு போகத்தோடு நிறுத்தாமல், இன்னொரு போகமும் செய்து பார்த்தால் நம்பிக்கையாகச் சொல்லலாம்.

கால்சியம் நைட்ரேட்டோடு கலந்து சொட்டுநீரில் விடலாமா?

கூடாது. சுண்ணாம்புச் சத்துள்ள உரத்தோடும், அமிலத்தன்மை உள்ள கரைசலோடும் சேரும்போது ஹியூமேட் பால் திரிவதுபோலத் திரிந்து படியும். சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் வேறு வேறு நாளில் கொடுங்கள். புதிதாக எதைக் கலப்பதாக இருந்தாலும், முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சமாகக் கலந்து, சிறிது நேரம் வைத்துத் திரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நெய்வேலிச் சாம்பலை வயலில் போடலாமா?

இது காரத்தன்மை உள்ளது. புளிப்பு நிலத்துக்குச் சில சோதனைகளில் உதவியிருக்கிறது. களர், உவர் நிலத்தில் போட்டால் பிரச்னை கூடும். சாம்பலில் கன உலோகங்களும் இருக்க வாய்ப்புண்டு. மண் பரிசோதனை முடிவைக் காட்டி, வேளாண் விஞ்ஞானிகள் அளவு சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று லாரிக் கணக்கில் கொட்டிவிட வேண்டாம்.